தனியாளுக்கு ரூம் இல்லை!

போன இதழில் ‘ஒத்தை ஆளாகத் தரங்கம்பாடி போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி வழி கேட்கின்றன. மீதி, வீட்டில் ஏதாவது சண்டையா என்று கேட்கின்றன. சண்டையெல்லாம் இல்லை. மற்றவற்றுக்குப் பதில் கீழே.

தனியாக ஊர் சுற்றுவது வெள்ளைக்காரன் பழக்கம். நம் ஊரில் எவன் அப்படிப் போனான்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

திருவிடைமருதூர்க்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? வரகுண பாண்டியன் குதிரை மிதித்து ஒரு அந்தணர் இறந்துபோக, பிரம்மஹத்தி அவனைப் பிடித்துக்கொண்டது. எங்கே போனாலும் கூடவே வந்தது. எங்கள் மகாலிங்க சுவாமி கோயிலில் அவன் கீழவாசல் வழியாக நுழைந்தபோது, ‘திரும்பி இந்த வழியாகத்தானே வரணும்’ என்று அது வாசலிலேயே நின்றுவிட்டது. அவனோ மேலவாசல் வழியாக நடையைக் கட்டிவிட்டான். வந்தபோது இருவர், போனபோது ஒருவர். பிரம்மஹத்தி இன்னமும் கீழக்கோபுரத்தில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கிறது. தனியாகப் புறப்படுவதற்கு இதைவிட நல்ல ஊர் எது?

இரண்டு நாளைக்கு என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?
– கல்லூரி மாணவர், மயிலாடுதுறை

இதற்கும் பதில் எங்கள் கோயில் வாசலிலேயே இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் வியாபாரம் செய்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பியவர் பட்டினத்தார். அவர் கீழவாசலில், அவருடைய சீடராகிவிட்ட அரசர் பத்திரகிரியார் மேலவாசலில். ஒருநாள் பிச்சை கேட்டு வந்தவரிடம், ‘நானே ஆண்டி, மேலவாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போ’ என்றாராம் பட்டினத்தார். சம்சாரியின் மொத்தச் சொத்து: சோறு வாங்க ஒரு சட்டி, கூடவே சுற்றும் ஒரு நாய்.

நான் எடுத்துப்போனது இரண்டு வேட்டி, ஒரு கைலி, துண்டு, குடை. சட்டி இல்லை. ஆனால் சார்ஜர் இருந்தது. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து அதற்கு பிளக் பாயிண்ட் தேடியபோதுதான் நாய் யாரென்று புரிந்தது.

ரயில் உண்டா?
– பெயர் எழுத மறந்தவர், பந்தநல்லூர்

பாதி வழிக்கு உண்டு. திருவிடைமருதூரில் பாசஞ்சர் ஏறினால் ஆடுதுறை, நாதஸ்வரம் செய்கிற நரசிங்கன்பேட்டை, குத்தாலம், அப்புறம் மயிலாடுதுறை. அங்கிருந்து தரங்கம்பாடிக்கு 1926-ல் ரயில் விட்டார்கள், 1986-ல் நிறுத்தினார்கள். அறுபது வயதில் ஓய்வு. இப்போது பஸ்தான்: செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாக. கண்டக்டர் ‘எத்தனை?’ என்பார். ‘ஒண்ணு’ என்றதும் நமக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பார். பழகிவிடும்.

எனக்கு வயது 63. தனியாகப் போய்க் கடலைப் பார்க்க வேண்டும் என்றால், ‘யாரோட போறே?’ என்கிறான் மகன். என்ன சொல்வது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆடுதுறை

‘திருக்கடையூர் போறேன்’ என்று சொல்லுங்கள், டீச்சர். நம் பக்கத்தில் கோயிலுக்கு என்றால் துணை கேட்க மாட்டார்கள். கடலுக்கு என்றால்தான் கேட்பார்கள். பொய்யும் இல்லை. அபிராமியைத் தரிசனம் செய்துவிட்டு அதே சாலையில் இன்னொரு பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் தரங்கம்பாடி. ஒரே ஒரு எச்சரிக்கை: அறுபதாம் கல்யாணத்துக்குப் பேர்போன ஊர் அது. உங்கள் வயதில் ஒருவர் தனியாக இறங்கினால் ‘சார் எங்கேம்மா?’ என்று நாலு பேர் மொய்த்துக்கொள்வார்கள். ‘பின்னால வர்றார்’ என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடங்கள்.

உங்களுக்காவது பென்ஷன் வருகிறது. மற்ற பெண்கள் முன்பெல்லாம் பஸ்ஸுக்குக் காசு கேட்கும்போது மாட்டிக்கொள்வார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனபிறகு அந்தத் தடயமும் போயிற்று. இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் இந்த லாபத்தைக் கணக்கில் எழுதுவதில்லை.

தங்குவதற்கு?
– ஒரு வாசகர், திருபுவனம்

இங்கேதான் அடி விழுந்தது. வழியில் ஒரு லாட்ஜில் கேட்டேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் லெட்ஜரைத் திறக்காமலேயே, ‘தனியாளுக்கு ரூம் இல்ல சார்’ என்றார். ஏன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை ஒருமுறை பார்த்தார். புரிந்தது. ‘ஐயா, நான் பத்திரிகையில் நகைச்சுவை எழுதுகிறவன்’ என்றேன். அவர் முகத்தில் கவலை இன்னும் கூடியது.

அப்புறம் வேறு இடம் கிடைத்தது. ஆனால் தரங்கம்பாடியில் ஒருவருக்கு வாடகையே இல்லாமல் கோட்டைக்குள் அறை கிடைத்த சரித்திரமும் உண்டு. 1706-ல் ஜெர்மனியிலிருந்து வந்த பாதிரியார் சீகன்பால்கு, அப்போது ஊரை ஆண்ட டேனிஷ் கம்பெனியின் கவர்னரோடு மோதியதில், 1708-ல் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். நாலு மாதம்! வெளியே வந்து கோபித்துக்கொண்டு ஊருக்குக் கப்பல் ஏறவில்லை மனிதர். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் அச்சாகி முடிந்தது. காகிதம் போதவில்லை என்று பக்கத்துப் பொறையாரில் ஒரு காகித ஆலையே ஆரம்பித்தார்கள். 1719-ல் இறந்தபோது அவருக்கு வயது 36. அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம். நான் போன மத்தியானம் அதன் முன்னால் ராஜா தெருவில் ஓர் ஆடு படுத்திருந்தது. தெருவில் மூச்சுவிட்ட உயிர்கள் மொத்தம் இரண்டு, அதுவும் நானும்.

அங்கே கடற்காற்றில் ஓசோன் அதிகமாமே? ஆஸ்துமாவுக்கு நல்லதா?
– ஒரு வாசகி, நாச்சியார்கோவில்

ஓசோன் மேலே, வானத்தில் பல கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறவரைக்கும்தான் நமக்கு உபகாரி. மூக்குக்கு நேரே வந்தால் நுரையீரலை அரிக்கும். ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. கடற்கரையில் ‘ஆகா’ என்று இழுக்கிறோமே ஒரு வாசனை, அதில் பெரும்பங்கு கடல் நுண்பாசிகள் புண்ணியத்தில் வரும் டைமெத்தில் சல்பைடு. கந்தகச் சமாசாரம். விளம்பரப் பலகையில் அதைப் போட்டால் யார் வருவார்கள்?

போகிற இடத்தில் பை தொலைந்துவிட்டால்? உதவிக்கு ஆள் இல்லையே!
– பயந்தாங்கொள்ளி (அவரே போட்டுக்கொண்டது), பாபநாசம்

பை போனதற்கே இப்படியா? ரோலண்ட் கிராப்பே என்பவருக்குக் கப்பலே போனது. டேனிஷ் கம்பெனிக்காக முன்கூட்டியே வந்தவர். காரைக்கால் பக்கத்தில் போர்ச்சுகீசியர்கள் தாக்கிக் கப்பலை மூழ்கடிக்க, பிழைத்துக் கரையேறிய சிலரில் அவரும் ஒருவர். கையில் ஒன்றும் இல்லை. அந்தக் கோலத்தில் தஞ்சாவூருக்குப் போய் ரகுநாத நாயக்கர் சபையில் நின்றார். நாயக்கர் சங்கீதமும் சாகித்யமும் தெரிந்தவர். மிளகு விலையும் தெரிந்தவர். 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. டென்மார்க் ராஜா நான்காம் கிறிஸ்டியனுக்கு நாயக்கர் தங்க ஓலையில் எழுதி அனுப்பிய கடிதம் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. வெறுங்கையோடு கரையேறியவர் பின்னாளில் தரங்கம்பாடிக்குக் கவர்னராகவும் இருந்தார்.

நீங்கள் பையில் ஆதார் நகல் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

கோட்டையில் பார்க்க என்ன இருக்கிறது?
– ஒரு வாசகர், திருநாகேஸ்வரம்

கடல். சொன்னால் சிரிப்பீர்கள், டான்ஸ்போர்க் கோட்டையின் மேல்தளத்தில் நின்று பார்க்கிற கடலும் கீழே மணலில் நின்று பார்க்கிற கடலும் ஒன்றில்லை. மேலே நின்றால் அது வரவுசெலவுக் கணக்கு மாதிரி தெரிகிறது: எந்தக் கப்பல் எங்கே, எவ்வளவு சரக்கு. 225 வருஷம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 1845-ல் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கடலோரமாகவே நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். டேனிஷ்காரன் வருவதற்கு 300 வருஷம் முன்பே, 1306-ல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் முன்பகுதியை அலை எப்போதோ கொண்டுபோய்விட்டது. அந்த இடத்தில் பேச்சு குறைந்துவிடும். 2004 டிசம்பர் 26, சுனாமி அன்று அந்தக் கரையில் நடந்ததை உள்ளூர்க்காரரிடம் நீங்களாகக் கிளறாதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும்.

மீன் சாப்பாடு எப்போது போனால் நன்றாகக் கிடைக்கும்?
– நாக்கு நீண்டவர், குத்தாலம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கும். ஃபைபர் படகுகள் கொண்டுவருவதுதான். மற்ற நாளில் விடிகாலையில் ஏலத்தைப் போய்ப் பாருங்கள். ஐஸ் கரைந்து ஓடும் தார்ப்பாயில் ஒரு கூடை சங்கரா. சுற்றி ஏழெட்டுப் பெண்கள். ஏலம் விடுகிறவர் மூச்சுவிடாமல் தொகையை ஏற்றிக்கொண்டே போக, ஓர் அம்மா வாயே திறக்கவில்லை. காலால் கூடையை லேசாகத் தன் பக்கம் நகர்த்தினார். முடிந்தது வியாபாரம். நான் எட்டு முறை பார்த்தும் யார் எவ்வளவுக்குக் கேட்டார்கள் என்று பிடிபடவில்லை. ஒன்பதாவது கூடையில் தலையைச் சொறிந்தேன். ‘என்ன அண்ணே, எடுத்துக்கிறீங்களா?’ என்று கேட்டார்கள். கையைக் கீழே போட்டுவிட்டேன்.

தனியாகப் போனால் போரடிக்காதா?
– ஒரு வாசகி, கதிராமங்கலம்

தனியாக இருக்க விட்டால்தானே! கோட்டைக்கு எதிரே சாயங்காலம் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பேன். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஆரம்பித்தார். எந்த ஊரு? யாரோட வந்தீங்க? புள்ளைங்க எத்தனை? பொண்ணைக் கட்டிக்கொடுத்தாச்சா? என் ஜாதகம் தவிர எல்லாம் வாங்கிக்கொண்டார். திருவிடைமருதூர் என்றதும் பின்னுவதை நிறுத்தினார்.

“தைப்பூசத்துக்கு ஒரு தடவ வந்திருக்கேன் தம்பி. நொழஞ்ச வாசல் வழியாத் திரும்பக் கூடாதுன்னாங்க. மேலவாசல் வழியா வந்தாப்புறந்தான் ஞாபகம் வருது, செருப்பக் கீழவாசல்ல விட்டுட்டேன். வெயில்ல தெருவச் சுத்தி யாரு போறது? அப்படியே பஸ் ஏறிட்டேன்.”

“ஐயய்யோ!”

“புதுச் செருப்பு. இன்னும் இருக்குமா?”

“இருக்கும் பெரியப்பா. காவலுக்கு ஆள் இருக்கு” என்றேன்.