பக்கத்து வீட்டில் பேரரசர்

கேள்வி: ‘சிவிலைசேஷன் 6’ கணினி விளையாட்டை ஆட உட்கார்ந்தால், இருபது சுற்று முடிவதற்குள் மூன்று அரசர்கள் என் எல்லையை முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இந்த இடநெருக்கடியில் எப்படிப் பிழைப்பது?

பதில்: நிஜ உலக வரைபடத்தில், அவரவர் சொந்த மண்ணிலிருந்தே தொடங்கும் ஆட்டத்தை ஐரோப்பாவில் ஆடிப் பாருங்கள். ரோமும் பிரான்ஸும் ஜெர்மனியும் ஒண்டுக்குடித்தனம்! இரண்டு நகரங்களுக்கு நடுவே மூன்று கட்டமாவது இடைவெளி வேண்டும் என்பது விதி. நீங்கள் இடம் பார்ப்பதற்குள் அடுத்தவர் கொடி நட்டுவிடுவார். ஆகக் கடினமான நிலையில் கணினி அரசர் ஊர் கட்டும் குடியேறிகள் மூவரோடு வந்து இறங்குகிறார்; உங்களுக்கு ஒரே ஒருவர். நியாயமா என்று கேட்காதீர்கள்.

சந்தில் நுழைந்து ஊர் கட்டினாலும் நிம்மதியில்லை. 2018-இல் வந்த ‘ரைஸ் அண்ட் ஃபால்’ இணைப்பில் விசுவாசக் கணக்கு உண்டு. பக்கத்து ஊர்களில் ஜனம் அதிகமென்றால் உங்கள் புது ஊர் போரே இல்லாமல் கலகம் செய்து அணி மாறிவிடும். (கட்சித்தாவல் தடைச் சட்டமெல்லாம் அங்கே இல்லை.)

ஆகவே குடியேறிகளைக் குறைத்து, வில்லாளிகளைப் பெருக்குங்கள். அண்டை வீட்டார் மதில் எழுப்புவதற்குள் படையோடு போய்விட்டால், அவர் கட்டிய நகரம் உங்களுக்கு. சுமேரிய அரசர் கில்காமேஷ் அண்டை வீட்டாரென்றால் மட்டும் முந்திக்கொண்டு நட்பு பேசுங்கள். அவருக்கு முதல் சுற்றிலிருந்தே போர்த்தேர் கிடைக்கும்.