ஏணி மேலே ஒரு குடும்பம்

(மும்பை க்ரைம் நாவலாசிரியர் பதில்கள்)

முதல் பக்கத்திலேயே கொலை விழ வேண்டுமா? — வாசகர், மாட்டுங்கா

கொலை எந்தப் பக்கத்திலும் விழலாம். கவலை முதல் பக்கத்திலேயே வந்துவிட வேண்டும். செத்தவனுக்காக ஒருவர்கூட அழாத கதையில், கொன்றவன் யாராக இருந்தால் வாசகனுக்கு என்ன?

தாராவி என்றாலே தாதா கதைதானா? — கல்லூரி மாணவி, தாராவி

1987-ல் ‘நாயகன்’ படம் வந்தது. அந்தத் தாராவியைத் தோட்டா தரணி சென்னையில் அரங்கமாகப் போட்டுத் தேசிய விருது வாங்கினார். 2018-ல் வந்த ‘காலா’விலும் தாதா உண்டு, ஆனால் அதில் சண்டை நிலத்துக்கு. அதற்காகவே அதன் இயக்குநர் ரஞ்சித்தை மதிக்கிறேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் வேலைக்கு வந்தவர்களின் கதை இன்னும் பாக்கி. 2015-ல் மகாராஷ்டிராவில் மாட்டிறைச்சித் தடை இறுகியதும் தோல் வரத்து குறைந்து பட்டறைகள் திணறின. துப்பாக்கியே இல்லாமல் அதை ஒரு துப்பறியும் நாவலாக எழுதலாம். நீங்களே எழுதுங்களேன்.

அடுத்த நாவலில் வில்லன் யார்? — வாசகர், தாராவி 90 அடி சாலை

ஒரு தேதி. 2000 ஜனவரி 1.

தாராவி மறுகட்டமைப்புத் திட்டத்தில், அதற்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததற்கு அத்தாட்சி காட்டினால், தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். பிந்தி வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியேதான் வீடு, அதுவும் பணம் கட்டி. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள்.

அப்படி ஒரு மாடி வீட்டுக்குப் போயிருந்தேன். சந்திலிருந்து செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி, பிடித்து ஏற மேலிருந்து தொங்கும் நைலான் கயிறு. அந்த வீட்டு அம்மா அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டிய ரேஷன் கார்டு, மாமனார் பெயரில் பழைய லைட் பில். “பேரு ஒண்ணுல ஒரு மாதிரி, இன்னொண்ணுல வேற மாதிரி இருக்குய்யா. இது செல்லுமா?” என்று கேட்டார்.

க்ரைம் கதையில் குற்றவாளிதான் அலிபி தேடுவான். இங்கே ஒரு தப்பும் செய்யாத குடும்பம் தேடுகிறது.

அப்படியானால் மறுகட்டமைப்பே வேண்டாமா? — வாசகர், சயான்

வேண்டும். விடிகாலையில் பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்கும் பெண்ணிடம் குடிசையின் அழகைப் பேசினால் பாவம். திட்டத்தில் அதானி குழுமத்துக்கு 80 சதவீதம், மாநில அரசுக்கு 20. யார் கட்டினாலும் சரி, மாடிக்காரரை எங்கே அனுப்புகிறீர்கள் என்பதே என் கேள்வி. தேவ்னார் குப்பைமேட்டில் 124 ஏக்கர் ஒதுக்கியிருக்கிறார்கள். 2016 ஜனவரியில் அந்த மேடு பற்றி எரிந்தபோது எழுந்த புகை செயற்கைக்கோள் படத்திலேயே தெரிந்தது. செம்பூரில் நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருமினோம். அங்கே பிள்ளைகுட்டிகளைக் குடிவைக்கலாம் என்று யார் சொன்னாலும் நான் ஒப்ப மாட்டேன்.

ராஜேஷ்குமார் 1500 நாவலுக்கு மேல் எழுதிவிட்டாரே? — வாசகர், முலுண்ட்

கோவையில் உட்கார்ந்து அவர் எழுதியதை லோக்கல் ரயிலில் படித்தே தமிழைக் கைவிடாமல் காத்தவர்கள் இந்த ஊரில் உண்டு. அவர்களில் நானும் ஒருவன். எண்ணிக்கையில் அவரோடு நிற்க யாரால் முடியும்?

ஏஐ இப்போது க்ரைம் கதை எழுதுகிறதே? — வாசகி, மாட்டுங்கா

திருப்பம் வைக்க அதற்குத் தெரியும். அந்தக் கயிற்றைப் பிடித்து ஏறி, பிளாஸ்டிக் பையைத் திறந்து பார்க்க ஓர் ஆள் போக வேண்டும்.

என் மகனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. என்ன செய்வது? — வாசகி, செம்பூர்

ராத்திரி நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். கதையில் யாரோ கதவைத் தட்டுகிற இடத்தில் நிறுத்திவிட்டு, பால் காய்ச்ச எழுந்து போய்விடுங்கள். புத்தகம் மட்டும் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.