வாகைகுளம் வந்தால் சாமியாடும் ஸ்டீயரிங்

துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்டாக இருக்கும் அண்ணாச்சி ஒருவரின் கார், தூத்துக்குடி ஊருக்குள் ஓடும்வரை பரம சாது. பாளையங்கோட்டை ரோட்டில் அது யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல வாய்ப்பும் இல்லை. அங்கே 40ஐத் தாண்ட வேண்டுமானால் ஆம்புலன்ஸாகப் பிறந்திருக்க வேண்டும். மூன்றாவது மைல் கழிந்து, திருநெல்வேலி நாற்கரச் சாலையில் புதுக்கோட்டையைத் தாண்டி, முள் 85ஐத் தொடும்போதுதான் ஸ்டீயரிங்குக்கு அருள் இறங்கும். வாகைகுளம் விமான நிலையம் வருவதற்குள் ஆட்டம் உச்சத்துக்குப் போயிருக்கும். அண்ணாச்சியின் மோதிரம் ஸ்டீயரிங்கில் பட்டு டகடகவென்று தாளம் போடும்.

"குலசை தசராவுக்கு மாலை போட்ட மாதிரில்லா ஆடுது" என்று பின்சீட்டிலிருந்து வீட்டம்மா சொன்ன அன்று, வைத்தியம் பார்ப்பதென்று முடிவாயிற்று.

தூத்துக்குடியில் கார் வைத்தியம் டீக்கடையில் தொடங்கும். வடை ஆறுவதற்குள் நோய்கள் குவிந்துவிட்டன. உப்பளம் வைத்திருப்பவர், உப்புக்காற்றில் அடிச்சட்டமே அரித்திருக்கும் என்றார். விசைப்படகு ஓட்டுபவர் ஒருவர், "ப்ரொப்பல்லர்ல வலைக்கயிறு சுத்திக்கிட்டா படகு இப்படித்தான் உதறும். அடியில எதாச்சும் ஒட்டியிருக்கான்னு பாரும்வே" என்றார். தரையில் ஓடும் வண்டிக்குக் கடல் வைத்தியமா என்று கடையே சிரித்தது. எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டச் சொன்னார் இன்னொருவர். ஏற்கெனவே கட்டியிருந்தது, அதுவும் சேர்ந்துதான் ஆடிக்கொண்டிருந்தது.

கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வுபெற்றவர் மட்டும் சற்றே தத்துவமாகப் பேசினார். பெரிய கப்பல் என்ஜின்களுக்கு ஒரு குறிப்பிட்ட சுற்றுவேகத்தில் தண்டு முறுக்கி அதிரும். அந்த இடத்தைச் சுற்றுவேகமானியில் சிவப்பில் குறித்திருப்பார்கள். அங்கே தங்காமல் சட்டென்று கடந்துவிட வேண்டும் என்பது விதி. இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அண்ணாச்சி இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு: ஆட்டம் அடங்க வேண்டுமானால் இன்னும் வேகமாகப் போக வேண்டும். போய்ப் பார்த்தார். 115க்கு மேல் உண்மையிலேயே அடங்கியது. வீட்டம்மா அடங்கவில்லை.

எல்லாரும் ஒருமனதாகச் சொன்ன மருந்து ஒன்றுதான்: "அலைன்மெண்ட் பாத்துருங்க."

நாட்டில் காருக்கு எது வந்தாலும் இந்த ஒரே கஷாயத்தைத்தான் எழுதிக்கொடுக்கிறார்கள். அலைன்மெண்ட் என்பது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைத் திருத்துவது. வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நின்றாலோ, டயர் ஓரம் மட்டும் தேய்ந்தாலோ அது உதவும். உதறலை அது நேரடியாகத் தீர்ப்பதில்லை. உதறுவது கோணத்தின் கோளாறு அல்ல; சுற்றும் பொருளின் எடையிலோ வட்டத்திலோ, இல்லையென்றால் அதைப் பிடித்திருக்கும் மூட்டுகளிலோ உள்ள கோளாறு.

அண்ணாச்சி அலைன்மெண்ட் பார்த்தார். கம்ப்யூட்டர் வண்ண அச்சில் ஒரு தாள் கொடுத்தது. முன்பு எல்லாம் சிவப்பு, பின்பு எல்லாம் பச்சை. அந்தப் பச்சைத் தாளைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு வாகைகுளம் போனார். தாளும் ஆடியது.

இந்த ஆட்டத்துக்குப் பின்னால் உள்ள கணக்கு எளிமையானது. கேட்டால் கொஞ்சம் பயமும் வரும். 14 அங்குல ரிம்மில் மாட்டிய 175/65 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.83 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 25 மீட்டர். ஆக, சக்கரம் ஒவ்வொரு நொடியும் பதின்மூன்று, பதினான்கு சுற்று சுற்றுகிறது. அந்த ரிம்மின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் 30 கிராம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது சுமார் 4 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை வெளியே இழுக்கும். ஒரு சுற்றுக்கு ஒருமுறை மேலே, கீழே, முன்னே, பின்னே. வேகம் பாதியானால் விசை கால்வாசியாகும். 45ல் வெறும் ஒரு கிலோ. அதனால்தான் ஊருக்குள் கார் சாது. முன்பக்க சஸ்பென்ஷனும் டயரும் சேர்ந்து இயல்பாக ஆடும் வேகமும் நொடிக்குப் பத்து, பதினைந்து முறை என்ற அளவில்தான் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் ஆட்டம் பெருகும், தாண்டினால் தணியும். கப்பல் என்ஜினியர் சொன்னது சரிதான். ஆனால் தணிவது கைக்குத் தெரியும் ஆட்டம் மட்டுமே, விசை கூடிக்கொண்டேதான் போகும்.

இது நம் ஊர்க் கார்களுக்கு மட்டும் வந்த வியாதியும் அல்ல. 1920களில் அகலமான, காற்றழுத்தம் குறைந்த டயர்களும் முன்சக்கர பிரேக்குகளும் பரவியபோது, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கார்களின் முன்சக்கரங்கள் தாறுமாறாக ஆடின. பிரான்சில் ஜார்ஜ் புரூலியே என்ற பொறியாளர் 1925ல் இந்த ஆட்டத்தை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். ரோட்டில் உருளும் டயர் எப்படி நெளிந்து, பக்கவாட்டில் சறுக்குகிறது என்ற அறிவு வளர்ந்ததில் அந்த உதறலுக்கும் பங்குண்டு. அவர்களும் ஆரம்பத்தில் ஏதோ ஒரு டீக்கடையில் கேட்டுத்தான் இருப்பார்கள்.

கடைசியில் அண்ணாச்சி போய்ச் சேர்ந்தது எட்டயபுரம் ரோட்டுப் பக்கம் தகரக் கொட்டகை போட்ட ஒரு பட்டறைக்கு. மெக்கானிக் தம்பி பானெட்டைத் திறக்கவில்லை. கேள்வி கேட்டார்.

"எப்பம் ஆடுது அண்ணாச்சி?"

"ஓட்டும்போதுதான்."

"அது சரி. எந்த வேகத்துல? பிரேக் போட்டா கூடுதா? கிளட்ச்சை மிதிச்சா நிக்குதா? கையில ஆடுதா, உக்காந்திருக்க எடத்துல ஆடுதா?"

அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. கஸ்டம்ஸ்காரர்கூடத் தன்னிடம் இத்தனை கேள்வி கேட்டதில்லை என்றார். ஆனால் உதறலைக் கண்டுபிடிக்கும் வித்தையில் முக்கால்வாசி இந்தக் கேள்விகள்தான். நின்ற இடத்திலேயே வண்டி அதிர்ந்தால் என்ஜின் மவுண்ட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது மட்டும் என்றால் டிரைவ் ஷாஃப்டின் உள் மூட்டு. பிரேக் மிதிக்கும்போது மட்டும் என்றால் டிஸ்க். ஒரு வேகத்தில் தொடங்கி, கிளட்ச்சை மிதித்தாலும் நிற்காமல் தொடர்ந்தால் சக்கரமும் டயரும். கையில் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கரம், இருக்கையில் ஆடினால் பின்சக்கரம். வேகத்தோடு ஏறும் 'ஊ'வென்ற ஓசை வளைவுகளில் கூடிக் குறைந்தால் வீல் பேரிங்.

"மச்சானைக் கூட்டிக்கிட்டு ஒரு ரவுண்டு போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார் தம்பி.

மச்சானைக் கூட்டிப் போகச் சொன்னது இந்தக் கடற்கரையின் மரபுப்படிப் பொருத்தமான யோசனை. 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. நடந்த காலத்தில், கல்லைக் காலில் கோத்துக்கொண்டு ஒருவர் கடலடிக்குப் போவார். தோணியில் இருப்பவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருப்பவருக்கு மூச்சு ஒரு நிமிடம், கொஞ்சம் கூடக் குறைய. அவர் கயிற்றை அசைத்ததும் மேலே தூக்கியாக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் என்ன நடக்கிறது என்பதை உள்ளங்கையால் படிக்கும் வேலை அது. கயிறு பிடிக்க மச்சினனைத்தான் உட்கார வைப்பார்கள், தன் அக்காள் தாலிக்காகவாவது அவன் கையைத் தளர விடமாட்டான் என்று சொல்வார்கள். ஸ்டீயரிங்கும் அப்படி ஒரு கயிறுதான். கீழே சக்கரத்துக்கு என்ன ஆகிறது என்பதை மேலே கைக்குச் சொல்லும்.

அண்ணாச்சியின் மச்சினன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. 90ல் ஸ்டீயரிங் குதித்தபோது, "அத்தான், ரோடு மோசம்" என்று மட்டும் சொன்னார். என்ஜினா சக்கரமா என்று பார்க்க, காலியான இடத்தில் அண்ணாச்சி கிளட்ச்சை மிதித்தார். ஆட்டம் நிற்கவில்லை. சக்கரம்தான்.

பட்டறையில் முன்சக்கரங்களைக் கழற்றியதும் விடை கிடைத்தது. ஒரு ரிம்மில் பேலன்ஸுக்காக அடித்திருந்த ஈயத்துண்டு விழுந்துபோய், அது இருந்த தடம் மட்டும் இருந்தது. இன்னொன்றின் உட்புறத்தில், முள்ளக்காட்டு உப்பளப் பாதையில் மழை நாளில் அப்பிய களிமண், காய்ந்து கருங்கல்லாக ஒட்டியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் வீல் கப் பளபளவென்று இருக்கும். வாட்டர் சர்வீஸ் பையன்கள் உள்ளே தண்ணீர் அடிப்பதில்லை. "அடியில எதாச்சும் ஒட்டியிருக்கான்னு பாரும்வே" என்ற விசைப்படகுக்காரர் முழு மதிப்பெண் வாங்கிவிட்டார்.

தம்பி மண்ணைச் சுரண்டினார். சக்கரத்தைச் சுற்றவிட்டு, ரிம்மின் ஓரத்தில் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்தார். ரிம் வளைந்திருந்தால் சாக்பீஸ் ஒரு பக்கம் மட்டும் தொடும். கண்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட பள்ளங்களில் ரிம் வளைவது இங்கே சகஜம். ஆணிமுத்தின் உருட்சியைக் கண்ணாலேயே அளந்த ஊரில், வட்டம் பார்க்கச் சொல்லித்தரவா வேண்டும்? ரிம் தப்பித்தது. டயரின் பக்கவாட்டில் புடைப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார், இல்லை. புடைப்பு இருந்திருந்தால் பேலன்சிங், மருந்து, மாந்திரீகம் எதுவும் செல்லாது. டயரையே மாற்ற வேண்டும். பிறகு மிஷினில் ஏற்றி, உள்ளும் வெளியும் ஈயம் அடித்து முடித்தார். செலவு அலைன்மெண்டைவிடக் குறைவு.

மறுபடி வாகைகுளம். 85, 90, 95. ஸ்டீயரிங் தியானத்தில் இருந்தது. அண்ணாச்சி ஒரு கையை எடுத்து மீசையைக்கூடத் தடவினார். அப்போது சுங்கச்சாவடி வந்தது. பிரேக்கை மிதித்தார். மோதிரம் மறுபடி தாளம் போட்டது.

இது இரண்டாவது நோய். முதலாவது ஆடிய ஆட்டத்தில் ஒளிந்திருந்தது. "டிஸ்க் வளஞ்சிட்டு" என்று எல்லாரும் சொல்வார்கள். பெரும்பாலும் டிஸ்க் வளைவதில்லை. அதன் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் போதும், தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, கை அதைக் கண்டுபிடித்துவிடும்.

இந்த இடத்தில்தான் உப்பளத்துக்காரரின் வாதத்துக்கு உயிர் வருகிறது. கடலோரத்தில் டிஸ்க்கின் முகத்தில் இரவோடிரவாகப் படியும் துரு, காலையில் இரண்டு முறை பிரேக் போட்டால் கரகரவென்று போய்விடும். அதற்குப் பயப்பட வேண்டாம். வம்பு செய்வது டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவே வளரும் துரு. அங்கே ஒரு செதில் நின்றால், டிஸ்க் இம்மி சாய்ந்து உட்காரும். சாய்ந்தது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிரேக் பேடை உரசும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மெலிந்துவிடும். ஹப்பைச் சுத்தம் செய்யாமல் புது டிஸ்க் போட்டால், கொஞ்ச நாளில் புதுசும் அதே பாட்டைப் பாடும். பட்டறைகள் அதிகம் தவறவிடும் இடம் இது என்பது கட்டுரையாளரின் அபிப்பிராயம். கம்பி பிரஷ்ஷும் கால் மணி நேரமும் செலவழிக்கச் சோம்பி, முழு டிஸ்க்கை விற்கிறார்கள்.

தம்பி ஹப்பைத் தேய்த்தார். டிஸ்க்கில் அச்சிட்டிருந்த குறைந்தபட்சத் தடிமனுக்கு இன்னும் இடமிருந்ததால் லேத்தில் கொடுத்து முகம் கடைந்து வாங்கினார்.

கடைசிக் கண்டம் வீல் நட்டு. பட்டறைப் பையன் ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதிக்கப் போனான். தம்பி காதைப் பிடித்து இறக்கினார். சிறிய கார்களின் வீல் நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டர் அளவில்தான் முறுக்கு தேவை. 40 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 25 கிலோ அழுத்தம். ஐம்பது கிலோப் பையன் ஏறி நின்றாலே இரட்டிப்பு. ஒன்று இறுகி ஒன்று தளர்ந்திருந்தால், சுத்தம் செய்த டிஸ்க்கே கோணிக்கொள்ளும். எதிரெதிர் நட்டுகளாக, சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். சரியான அளவு காரோடு வந்த கையேட்டில் இருக்கும். அந்தக் கையேடு டேஷ்போர்டில், பிரிக்காத பாலிதீன் உறைக்குள் இருக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் சிரிக்காமல் சொல்ல வேண்டும். நன்றாக ஓடிய வண்டியில் உதறல் திடீரென்று வந்தால், அதுவும் குறைந்த வேகத்திலேயே வந்தால், டீக்கடை வரை ஓட்டாதீர்கள். ஓரமாக நிறுத்தி நட்டுகளையும் டயரின் பக்கவாட்டையும் பாருங்கள். தளர்ந்த சக்கரமும் பிரியத் தொடங்கிய டயரும் அப்படித்தான் முன்கூட்டிச் சொல்லும்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டினால், 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும். தூத்துக்குடிக்காரர்களுக்கு அது திருநெல்வேலி போய்த் திரும்பும் தூரம்.