எல்லாம் எர்த்துதான் மாப்ளே!

எர்த்து மாமா பானெட்டைத் திறப்பதற்கு முன்பே நோயைச் சொல்லிவிடுவார். “எர்த்து சரியில்ல மாப்ளே.”

ஹாரன் கம்மிப்போனால் எர்த்து. பவர் விண்டோ நகர மறுத்தால் எர்த்து. பெட்ரோல் முள் பொய் சொன்னால் எர்த்து. ஒருமுறை வைப்பர் கிறீச்சிட்டதற்கும் அதையே சொன்னார்; ரப்பர் காய்ந்துபோயிருந்தது. மின்வாரியத்தில் இருந்தவரோ என்று நினைக்க வேண்டாம். ரிட்டயர் ஆனது கூட்டுறவு வங்கியில்.

எரிச்சல் என்னவென்றால், பல நேரம் அவர் சொன்னதே சரியாகிவிடுகிறது. காரில் பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு கட்டப்பட்டிருக்கிறது; அந்தப் பாடிதான் எர்த்து. விளக்குக்குப் போன கரண்ட் அந்தத் தகரம் வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். வழியில் ஒரு போல்ட்டுக்கு அடியில் துரு பிடித்தால் போதும், இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட்டும் சேர்ந்து கண்ணடிக்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஏறிக்கொண்டே போகும் ‘ங்ஙீ’ என்ற ஓலத்துக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மாப்பிள்ளையின் காரில் புது ஸ்டீரியோ அப்படி ஓலமிட்டபோது, மாமா டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்து, ஒரு போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பெயின்ட்டைச் சுரண்டி முடுக்கினார். ஓலம் நின்றது. அன்று மாமாவுக்கு இரண்டாவது காபி கிடைத்தது.

முந்தின நாள் ஸ்டீரியோவின் கறுப்பு எர்த்து ஒயரை அந்தப் பெயின்ட்டின் மேலேயே வைத்து முடுக்கியவரும் மாமாதான்.

சென்னை ஜி.பி. ரோட்டில் செட் வாங்கும்போதே, வண்டிக்கு ஏற்ற கப்ளர் இருக்கிறது, சொருகினால் போதும், ஒயரை வெட்டவே வேண்டாம் என்று கடைப்பையன் சொன்னான். மாமா சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி கப்ளரை வெட்டி எறிந்தார். ஒயரைப் பல்லால் கடித்து உரித்து, உறையை ஓரமாகத் துப்பி, செம்பு இழைகளை விரலால் முறுக்கிக் கறுப்பு டேப்பைச் சுற்றினார். மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தப் பசை அல்வாவாக இளகும் என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை.

மஞ்சள் ஒயரில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும். கடிகாரமும் பிடித்துவைத்த ஸ்டேஷன்களும் மறந்துபோகாமல் இருக்க. சிவப்பில் சாவியைத் திருப்பினால்தான் கரண்ட் வரும். மாமா இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டார்.

“சாவி இல்லாமலே பாட்டு கேக்கலாம் மாப்ளே!”

கேட்டார்கள். பாட்டை நிறுத்திவிட்டு இறங்கிய பிறகும் செட் மட்டும் தூங்கவில்லை. புதன்கிழமை காலை, பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம், ஸ்டார்ட்டர் ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டு அடங்கியது. முழு சார்ஜில் சும்மா இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். மெக்கானிக்கின் மீட்டர் 11-ஐக்கூடத் தொடவில்லை.

“யாருங்க இதை மாட்டினது?” என்றார் மெக்கானிக். மாப்பிள்ளை வானத்தைப் பார்த்தார்.

“எர்த்துன்னு நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார், பக்கத்தில் நின்ற மாமா.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் வெட்டிய கப்ளர் ஒட்டாது. வெட்டுப்பட்ட ஒயரிங்குக்கு வாரண்டி கேட்டுப் போனால் கையை விரித்துவிடுவார்கள். டோ வண்டிக் கூலியும் ஒரு நாள் லீவும் மாப்பிள்ளை கணக்கில்தான்.

அடுத்து ரிவர்ஸ் கேமரா. ஞாயிற்றுக்கிழமை வந்து மாட்டித் தருவதாக மாமா சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை சனிக்கிழமையே கடைக்குப் போகிறார்.