மறதியின் பயிர்: வீட்டு வெந்தயச் சாகுபடியின் தோற்றம் குறித்துப் பெரியபாளையத்தில் நடந்த ஓர் ஆய்வு

மனிதன் வேளாண்மையை எப்படிக் கண்டுபிடித்தான் என்று பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள் ஆற்றங்கரைகளைத் தோண்டிக்கொண்டிருக்கின்றன. இவ்வாய்வாளன் துழாவியது பெரியபாளையத்தில், ஆரணியாற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள தன் வீட்டுச் சமையல் மேடையை. அகப்பட்ட தடயம் ஒரு எவர்சில்வர் டம்ளர். முந்தாநாள் ராத்திரி ஊறப் போட்ட ஒரு கரண்டி வெந்தயம், இருந்த தண்ணீரையெல்லாம் தானே குடித்துவிட்டு, விதைக்கு ஒன்றாக வெள்ளை வால் விட்டிருந்தது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு வந்ததுதான் பின்வரும் கருதுகோள்: வீட்டில் வெந்தயத்தை யாரும் பயிரிடுவதில்லை. ஊற வைத்ததைச் சாப்பிட மறக்கிறார்கள். மீதியை அது பார்த்துக்கொள்கிறது.

ஆய்வு என்றால் பெயராய்விலிருந்து தொடங்குவது மரபு. ஜனப்பன்சத்திரம் கூட்டு ரோட்டில் ஊத்துக்கோட்டை பஸ்ஸுக்கு நிற்பவர்களிடம் ஒரு பிடி வெந்தயத்தைக் காட்டினால், ஆந்திர எல்லைப் பக்கத்துப் பெரியம்மா ‘மெந்துலு’ என்பார். சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த பீகார்ப் பையன் ‘மேத்தி’ என்பான். நமக்கு வெந்தயம். இதை ‘வெந்த அயம்’ என்று பிரித்து, அயம் என்றால் இரும்பு, இரும்பை வேகவைப்பது கும்மிடிப்பூண்டி ஆலைகளில், ஆகவே வெந்தயம் இந்த வட்டாரத்தின் மண்ணின் மைந்தன் என்று ஆய்வாளன் முதலில் நிறுவியிருந்தான். தமிழாசிரியரான நண்பர் ஒருவர் அடிக்க வந்ததால் அந்த அத்தியாயம் வாபஸ் பெறப்பட்டது. தாவரவியலில் அதன் பெயர் ட்ரைகோனெல்லா ஃபீனம்-கிரேக்கம். பின்பாதிக்குக் கிரேக்க வைக்கோல் என்று பொருள். நாம் மாமியாருக்கு மருந்தாகக் கொடுப்பதை ரோமானியர் மாட்டுக்குத் தீவனமாகப் போட்டார்கள்.

தொன்மைச் சான்றும் உண்டு. 1922-இல் திறக்கப்பட்ட எகிப்து மன்னன் துட்டன்காமுனின் கல்லறையிலிருந்து எடுத்த பொருள்களில் வெந்தயமும் இருந்தது. மூவாயிரம் ஆண்டுக்கு மேலாகியும் அது முளைக்காமல் கிடந்ததற்குக் காரணம் தெளிவு. அரண்மனையில் எடுத்து வைத்தவர்கள் ஊற வைக்கவே மறந்துவிட்டார்கள். மறதியிலும் முதல்தரம், இரண்டாந்தரம் இருக்கிறது.

நம் வட்டாரத்து மறதிக்குக் காரணம் சர்க்கரையும் ஷிப்டும். ‘சுகர் கொஞ்சம் கூட இருக்கு’ என்று சொல்லப்பட்ட அன்று இரவே டம்ளர் மேடையில் ஏறுகிறது. காலையில் வெறும் வயிற்றில் மென்று தின்ன வேண்டும். ஆனால் முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் இருட்டிலேயே வந்து ஹாரன் அடிக்கும். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் சாக்ஸ் என்று ஓடுகிறவனுக்கு வெந்தயம் எங்கே நினைவு வரும்? ஊறினால் வழவழவென்று வரும் அந்தப் பசைக்குக் காலக்டோமன்னன் என்று பேர். உணவின் சர்க்கரை இரத்தத்தில் ஏறுகிற வேகத்தை அந்த நார்ப்பொருள் மட்டுப்படுத்தும் என்பது மெய்தான். டம்ளரிலேயே இருந்துகொண்டு மட்டுப்படுத்தாது.

அதே பசைதான் இட்லிக்கும் உழைக்கிறது. நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் என்பது எங்கள் வீட்டு விகிதம். மாவு புளிக்கும்போது வருகிற காற்றைப் பசை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. மறுநாள் தோசைக்குப் பொன்னிறமும் கொடுக்கிறது. இந்த வெந்தயத்தை மட்டும் யாரும் மறந்ததில்லை. உளுந்தோடு ஊறுவதை அம்மா கவனித்துக்கொள்கிறாள் என்பதே இதற்கு அறிவியல் விளக்கம்.

இனி சாகுபடி. வால் விட்ட வெந்தயத்தைக் குப்பையில் கொட்ட மனசு வராது. காசு கொடுத்து வாங்கியது. ‘மறந்துட்டுப் போனது நீ, தூக்கி எறிஞ்ச பாவம் எனக்கு இன்னாத்துக்கு?’ என்று அம்மா அதை மொட்டைமாடியில் இருந்த உடைந்த பக்கெட்டில் கொட்டி, மேலே மண்ணும் ஆட்டு எருவும் கலந்து விரல் கனத்துக்குத் தூவினாள். இரண்டே நாளில் பச்சை தலைகாட்டியது. முதலில் வருகிற இரண்டு இலையும் மொழுமொழுவென்று இருக்கும். அதைப் பார்த்து வெந்தயம் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. மும்மூன்றாக இலை பிரிவது அதற்குப் பிறகு. மூன்று வாரம் தாண்டினால் கீரையாகப் பறிக்கலாம். விதைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் மூன்று மாதம் பொறுக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி விதைக்காக மூன்று மாதம் காக்கும் பொறுமை உள்ளவன் டம்ளரை மறந்திருக்கவே மாட்டான்.

பருவம் முக்கியம். வெந்தயத்துக்குக் குளிர் பிடிக்கும். மார்கழி, தையில் போட்டது தளதளவென்று வந்தது. ஐப்பசி அடைமழையில் போட்டது தண்டு அழுகிச் சாய்ந்தது. கத்திரி வெயிலில் போட்டது ஒரு சாண் வளருமுன் பூத்து, கிழவியாகிவிட்டது. அந்த ஆட்டு எருவைத் தவிர உரமோ பூச்சிமருந்தோ தேவைப்படவில்லை. அவரைக் குடும்பத்துப் பயிர் என்பதால் தழைச்சத்தை வேர்முடிச்சுகளில் தானே சேர்த்துக்கொள்ளும். தேவைப்பட்டதெல்லாம் பக்கத்து வீட்டுக் கோழிக்கு எதிராக ஒரு பழைய ஃபேன் கூண்டு.

விளைச்சலைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. பக்கெட் நிறைய நின்ற கீரை, வாணலியில் சுருண்டு ஒரு கரண்டி ஆனது. அதை நாலு பேருக்குப் பங்கு வைத்தபோது அம்மாவுக்கு வாசனை மட்டும் கிடைத்தது.

வாசனைக்கு சோட்டலோன் என்ற பொருள் காரணம். நிறையச் சாப்பிட்டால் வியர்வையிலும் மணக்கும்; கம்பெனி பஸ்ஸில் யார் வீட்டில் என்ன சமையல் என்பது இப்படித்தான் வெளியாகிறது. 2005 முதல் நியூயார்க் நகரத்தில் அவ்வப்போது இனிப்பான பாகு வாசனை வீசி, மக்கள் பயந்துபோனார்கள். அது பக்கத்து நியூ ஜெர்சியில் வெந்தய விதையைப் பக்குவப்படுத்தும் ஆலையிலிருந்து வந்தது என்று 2009-இல் அந்த நகர மேயரே பத்திரிகைக்காரர்களைக் கூட்டி அறிவித்தார். தொழிற்பேட்டைப் பக்கம் வசிக்கும் நமக்கு இதைப் படித்தால் பொறாமைதான் வரும். காற்றில் வெந்தயம் மணந்தால், குழம்பு யார் வீட்டில் என்று கேட்டு சாதத்தோடு கிளம்பிவிட மாட்டோமா?

கசப்பைப் பற்றி ஒரு சொல். ஆடி ஞாயிறுகளில் பவானியம்மன் கோயிலைச் சுற்றி ஊரே வேப்பிலை மயம். வேப்பஞ்சேலை கட்டி வலம் வருகிறவர்களின் கூட்டம் அலைமோதும். உடம்பு முழுக்கக் கசப்பை உடுத்திக்கொள்ளும் ஊரில், ஒரு கரண்டிக் கசப்பை விழுங்க மட்டும் ஏன் இத்தனை ஞாபக மறதி என்பது அடுத்த ஆய்வுக்குரியது. அம்மன் நேரில் பார்க்கிறாள், டம்ளர் பார்ப்பதில்லை என்பது இப்போதைய ஊகம்.

இதை இரவில் படிப்பவர்கள் தயவுசெய்து எழுந்துபோய் உங்கள் வீட்டுச் சமையல் மேடையை ஒரு பார்வை பாருங்கள். தட்டு போட்டு மூடிய டம்ளர் ஒன்று இருந்தால், அது இன்றைக்கு வைத்ததா நேற்று வைத்ததா என்று வீட்டில் கேளுங்கள். நேற்று வைத்தது என்றால், பழைய பக்கெட் ஏதாவது கிடக்கிறதா என்று தேடுங்கள்.