குறுக்குரோட்டில் ஒரு பயிற்சி மையம்

பல்கலைக்கழக மானியக் குழுவுக்குச் சொல்ல ஒரு யோசனை வைத்திருக்கிறேன். பைசா செலவில்லாத யோசனை. ஆகையால் உடனே ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பிக்கையும் இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேரும் கல்லூரி ஆசிரியர்களுக்கான பயிற்சி மையம் ஒன்றைச் சேத்தியாத்தோப்பு குறுக்குரோட்டில் திறந்துவிட வேண்டும்.

கட்டடம் வேண்டாம். பஸ் நிற்கிற இடமே போதும். கிழக்கே போனால் புவனகிரி, சிதம்பரம். மேற்கே விருத்தாசலம். வடக்கே வடலூர், பண்ருட்டி. தெற்கே வீராணத்தை ஒட்டிக் கும்பகோணம். தென்னாற்காட்டுப் பக்கம் கல்லூரியில் பாடம் நடத்தப் போகிற ஏகப்பட்ட பேர் காலையில் இங்கேதான் பஸ் மாறுகிறார்கள். கரும்பு டிராக்டர் புகையிலும், முடியவே முடியாத விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நாலுவழிச் சாலையின் புழுதியிலும் அவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். தோளில் லேப்டாப் பை தொங்கும். பைக்குள் லேப்டாப் இருக்காது. டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், முனைவர் பட்டத்தின் ஜெராக்ஸ் நாலைந்து இருக்கும். எங்கே, எப்போது, யார் கேட்பார்களோ!

இவர்களுக்கென்று அரசாங்கம் பயிற்சி எதுவும் வைக்கவில்லையா என்றால், வைத்திருக்கிறது. 1986 கல்விக் கொள்கை சொன்னபடி நாடெங்கும் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ் என்று தொடங்கினார்கள். பிறகு போர்டை மாற்றி மனிதவள மேம்பாட்டு மையம் என்றார்கள். 2023-இல் மறுபடி போர்டு மாறி, மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையம் ஆனது. நடுவில் 2019-இல் 'குரு தக்ஷதா' என்று ஒரு மாதப் பயிற்சித் திட்டம். பாடத்தை எப்படித் திட்டமிடுவது, பின்தங்கிய மாணவனை எப்படிக் கைதூக்கி விடுவது, விடைத்தாளை எப்படி மதிப்பிடுவது என்பதெல்லாம் அதில் உண்டு. நல்ல விஷயங்கள். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. முதல் நாள் கை நடுங்க சாக்பீஸ் எடுக்கிறவருக்கு அவசியம் தேவைப்படுகிறவை.

ஆனால் அது யாருக்கு? நிரந்தர வேலையில் சேர்ந்தவருக்கு. அவர் பயிற்சி முடித்த சான்றிதழைக் காட்டினால்தான் அடுத்த நிலைக்குப் பதவி உயர்வு என்று 2018 விதிமுறை சொல்வதால், அவரும் தவறாமல் போய்விடுகிறார். தற்காலிக ஆசிரியரும் வரலாம் என்று ஸ்டாஃப் காலேஜ் காலத்து விதியிலேயே ஒரு பெருந்தன்மை உண்டு. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். அவர் குறைந்தது மூன்று கல்வியாண்டு பாடம் நடத்தியிருக்க வேண்டும். வகுப்புக்குள் எப்படி நுழைவது என்பதை, ஆறு செமஸ்டர் நுழைந்து திரும்பிய பிறகு சொல்லித் தருவார்கள். அந்த மூன்று வருஷத்தில் அவரிடம் படித்துவிட்டுப் போன பிள்ளைகள் எந்தக் கணக்கில் வருவார்கள் என்று விதியில் தேடிப் பார்த்தேன். காணோம். கிடைத்த சான்றிதழை, பதவியும் இல்லாமல் உயர்வும் இல்லாமல் இருக்கிற அந்த மனிதர் என்ன செய்வது என்பதும் அதில் இல்லை.

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் 7,000 பேருக்கு மேல். (அந்தப் பெயரில் இருக்கும் கௌரவத்தை வைத்து எல்லோரும் பகடி செய்து ஓய்ந்துவிட்டார்கள். நான் அதைத் தொடவில்லை.) இரண்டாம் ஷிப்டு என்று ஒன்று ஓடுவதே இவர்களை வைத்துத்தான். புதிதாகச் சேர்ந்த ஓர் அம்மாவுக்கு நடந்த பயிற்சி வகுப்பை அவர் வாயாலேயே கேட்டேன். ஊர் வேண்டாம், கல்லூரி வேண்டாம். பெரும்பாலான இடங்களில் இதுதான் பாடத்திட்டம்.

"வாங்கம்மா. நெட்டா, செட்டா?"

"நெட் சார். பிஹெச்.டி.யும் முடிச்சிருக்கேன்."

"இருக்கட்டும், இருக்கட்டும். ஷிப்ட் டூ, செகண்ட் இயர். இப்பவே போயிடுங்க. பசங்க கத்திக்கிட்டு இருக்காங்க, பிரின்சிபால் ரூம் வரைக்கும் கேக்குது."

"சிலபஸ் சார்?"

"பசங்ககிட்டயே வாங்கிக்கங்க."

அத்தோடு துறைத் தலைவரின் உரை முடிந்தது. செயல்முறைப் பயிற்சியை அலுவலக உதவியாளர் ஏற்றுக்கொண்டார். "மேடம், அந்த ரெஜிஸ்டர் ரெகுலருக்கு. கெஸ்டுக்கு இந்த நோட்டு." அது கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவது. கடைசியாக உட்காருகிற கலை. "அந்த சேர்ல வேணாம் மேடம். அது சாரோடது. மெடிக்கல் லீவுல இருக்கார், திடீர்னு வந்துட்டார்னா?" சார் அந்த செமஸ்டர் முழுக்க வரவில்லை. நாற்காலி மட்டும் ஒழுங்காகப் பணியில் இருந்தது. அம்மா கம்ப்யூட்டர் டேபிளுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினார்.

மாணவர் யார் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. முந்திரிக்காட்டிலிருந்தும் கரும்புக் கொல்லையிலிருந்தும் வருகிற பிள்ளைகள். வீட்டில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவர்கள். பாதி வகுப்பு மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறது என்பது அவருக்கு மூன்றாவது வாரம்தான் தெரிந்தது. அதையும் ஒரு பெண் மயங்கி விழுந்த பிறகு. இந்தப் பிள்ளைகளுக்குத்தான் நன்றாகப் பயிற்சி பெற்ற, மனநிம்மதியுள்ள ஆசிரியர் வேண்டும். ஆகவே இவர்களுக்குப் பார்த்துப் பார்த்துப் பயிற்சியே இல்லாதவரை, நிம்மதி என்றால் என்ன என்று கேட்கிறவரை அனுப்பி வைக்கிறோம்.

சரி, குறுக்குரோட்டு மையத்துக்கு வருவோம். முதல் பாடம் கணக்கு. 2019 ஜனவரியில் மானியக் குழு ஒரு சுற்றறிக்கை விட்டது. கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்றது. தமிழ்நாட்டில் 10,000 என்று இருந்து, 15,000 ஆகி, 20,000 ஆகி, மெல்ல நகர்ந்து 25,000-க்கு வந்து சேர்ந்தது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் 50,000 கொடுங்கள் என்று சொன்னபோதும் அது 25,000-இல்தான் நின்றுகொண்டிருந்தது. அதே பாடத்தை, அதே வகுப்பில், அதே பிள்ளைகளுக்கு நடத்துகிற உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மட்டும் 57,700. இதைக் கழித்துப் பார்க்கக் கூடாது. கழிக்கத் தெரிந்தவர் இந்த வேலைக்குத் தகுதியில்லாதவர்.

கணக்கிலேயே இரண்டாம் பகுதி மாதங்களைப் பற்றியது. ஆண்டுக்கு 11. மே மாதம் கிடையாது. மே மாதத்தில் கௌரவ விரிவுரையாளருக்குப் பசிக்காது, அவர் பிள்ளைக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வேண்டியதில்லை, வீட்டுக்காரர் வாடகை கேட்க மாட்டார் என்பது கல்லூரிக் கல்வித் துறையின் ஆராய்ச்சி முடிவு. குறுக்குரோட்டுக்குப் பக்கத்தில்தான் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை. சர்க்கரைத் தொழிலில் சீசன் தொழிலாளி என்று உண்டு. அரவை முடிந்தால் அவருக்கு வேலை இல்லை. ஆனால் அடுத்த அரவைக்குத் திரும்பி வர வேண்டுமே என்பதற்காக, ஆலை ஓடாத மாதங்களுக்கும் அவருக்குச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுக்கிற வழக்கம் அந்தத் தொழிலில் வெகு நாளாக உண்டு. கரும்பு பிழிகிற தொழிலுக்கு இருக்கிற அந்த யோசனை, கல்வி புகட்டுகிற துறைக்கு வரவில்லை. துறைக்கு ஆள் திரும்பி வருவானா என்ற கவலை கிடையாது. அவன் போக வேறு இடம் இல்லை என்பது அதற்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த பாடம், நீங்கள் எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறீர்கள் என்பது. கடலூர் மாவட்டத்து ஆசிரியருக்கு இது கடினமான கேள்வி. திருவள்ளுவர் பல்கலைக்கழகம் என்று இருந்தது. 2021 தொடக்கத்தில் அதைப் பிரித்து விழுப்புரத்தில் ஜெயலலிதா பல்கலைக்கழகம் என்றார்கள். ஆட்சி மாறியது. அதே ஆண்டிலேயே அதைக் கலைத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்தார்கள். ஆசிரியர் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை, அவர் தலைக்கு மேலே ஒரே ஆண்டில் மூன்று பல்கலைக்கழகம் வந்து போனது. பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவருக்கு இது பழக்கமானதுதான். போர்டைப் பார்த்து ஏறக் கூடாது, கண்டக்டரைக் கேட்டு ஏற வேண்டும்.

அண்ணாமலையைச் சொன்னதும் இன்னொரு வகைப் புது ஆசிரியர் நினைவுக்கு வருகிறார். அவர் இதே ஸ்டாப்பில் எதிர்ப்பக்கம் நிற்கிறார். 1929-இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம் தேவைக்கு மேல் ஆளை எடுத்துத் தள்ளி, சம்பளம் போட வழியில்லாமல் தடுமாறி, 2013-இல் அரசின் கைக்கு வந்தது. பிறகு பணி நிரவல் என்ற பெயரில் அங்கிருந்தவர்களை ஊர் ஊராக அரசுக் கல்லூரிகளுக்கு அனுப்பினார்கள். ஒரு பக்கம் ஆள் மிச்சம், இன்னொரு பக்கம் ஆள் பஞ்சம். இரண்டையும் உண்டாக்கியவர்கள் யாரும் பஸ் மாறுவதில்லை, அவர்களுக்கு அரசு கார் இருக்கிறது. நிரவி வந்தவரை, "நீங்க எப்ப சார் திரும்பப் போவீங்க?" என்று கேட்டு வரவேற்கிறது புதுக் கல்லூரி.

தனியார் பொறியியல் கல்லூரிக்குப் போகிறவர்களைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. அங்கே வரவேற்பு ஜோராக இருக்கும். முதல் நாளே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிப் பத்திரமாக அலமாரியில் வைத்துக்கொள்வார்கள். வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஏ.ஐ.சி.டி.இ. சொல்லியிருக்கிறதே என்றால், வேறு வேலை கிடைத்ததா என்று கேட்பார்கள். கோடை வந்தால் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் பட்டியலோடு கிராமம் கிராமமாக அட்மிஷனுக்கு அனுப்புவார்கள். எந்திரவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், திண்ணையில் உட்கார்ந்து ஒரு தகப்பனிடம் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிச் சத்தியம் செய்துகொண்டிருப்பார்.

ஆனால் ஒருவரை மட்டும் சொல்லாமல் விட முடியாது. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புப் பெற்ற கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரம் வேலை செய்வதாகக் கணக்கு.  பல்கலைக்கழகமே தேடிப் பார்த்து, சுமார் 2,000 இடங்களை 189 பேர் நிரப்பியிருப்பதாகச் சொன்னது. ஒருவர் 32 கல்லூரிகளில். இங்கே ஒரு கல்லூரிக்குப் போக ஒரு பஸ்ஸைப் பிடிக்கவே ஒரு மணி நேரம் நிற்கிறார்கள். 32 கல்லூரிக்கு ஒரே காலையில் போய்ச் சேர்ந்த அந்த மகானைத்தான் நமது மையத்தின் முதல் சிறப்புரைக்கு அழைக்க வேண்டும். 32 பொன்னாடை செலவை நான் ஏற்கிறேன். வேலை இல்லாமல் ஊரில் உட்கார்ந்திருக்கும் பிஹெச்.டி.க்காரர்கள், தங்களுக்குரிய 31 இடங்களையும் நேரில் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகட்டும்.

சரி, நிரந்தர வேலைக்குத் தேர்வெழுதி ஏறிப்போக வேண்டியதுதானே என்று ஏசி அறையிலிருந்து கேட்கிறார்கள். எழுதலாம். 2013-இல் ஆசிரியர் தேர்வு வாரியம் 1,093 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு விட்டது. 2019-இல் 2,331 இடங்களுக்கு விட்டு, விண்ணப்பமும் வாங்கி, கைவிட்டது. 2024 மார்ச்சில் 4,000 என்று அறிவித்து, ஆகஸ்டில் தேர்வு என்று சொல்லி, தள்ளி வைத்தது. 2025 அக்டோபரில் அதுவே 2,708 ஆகச் சுருங்கி மறுபடி வந்தது. 2013 அறிவிப்பைப் பார்த்துப் படிக்கத் தொடங்கியவருக்கு இப்போது கண்ணாடி பவர் மாறிவிட்டது. அவர் பாடம் சொல்லிக் கொடுத்த பெண், அவருக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து தேர்வெழுதுகிறாள்.

அந்தப் பெண் தேறட்டும். நல்லது. பணி ஆணையோடு கல்லூரிக்கு வந்து சேருவாள். ஒழுங்கான பயிற்சி அவளுக்கு அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கிடைக்கும், அதுவும் மாளவியா மிஷனிலிருந்து அல்ல. ரெகுலர் வந்துவிட்டதால் ஒர்க்லோடு இல்லை என்று ரிலீவ் ஆகிற கெஸ்ட் அம்மா கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் காட்டுவார். இது டைம்டேபிள். இது இன்டர்னல் மார்க் லிஸ்ட். இந்த யூனிட் பிள்ளைகளுக்குப் புரியாது, ரெண்டு தடவை நடத்தும்மா. இந்தப் பையனுக்கு அப்பா இல்லை, லேட்டாக வந்தால் வெளியே நிறுத்தாதே. கடைசி பெஞ்சுப் பெண்ணைச் சாப்பிட்டாளா என்று கேட்டுக்கொள். பதினைந்து வருஷம் சேர்த்த நோட்ஸை அவள் மேசைமேல் வைத்துவிட்டு, அந்த நாற்பது பக்க நோட்டில் கடைசிக் கையெழுத்தைப் போடுவார்.

அன்றைக்கு மத்தியானமே ரிலீவ் ஆனதால் அவருக்கு அரைநாள் சம்பளமா, முழுநாள் சம்பளமா என்று அலுவலகத்தில் ஒரு சந்தேகம் வரும். ஜி.ஓ.வைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் மேடம் என்பார்கள்.