கத்தாத சீவனுக்குக் கண்ணுள்ள வீடு

வாரும் தம்பி, இரும். முயல் வாங்கப் போறீராமே? உம்மட மனிசி சொல்லேல்லை, மகள் சொல்லேல்லை, படலையடியில நிண்ட மீன்காரன் சொன்னான். ஊருக்கெல்லாம் தெரிஞ்ச விசயம் அந்த முயலுக்கு மட்டும்தான் தெரியாது. தெரிஞ்சிருந்தால் இந்நேரம் மாங்குளம் தாண்டி ஓடியிருக்கும்.

ஏன் முயல் எண்டு கேட்டால், "பிள்ளை அழுகுது ஐயா" எண்டுவீர். பிள்ளை போன வருசம் லவ் பேர்ட்ஸுக்கு அழுதது. அதுக்கு முதல் வருசம் மீன்தொட்டிக்கு அழுதது. மீன்தொட்டிக்குள்ள இப்ப உம்மட மனிசி வெங்காயம் போட்டு வைச்சிருக்கிறா. கேட்டதெல்லாம் வாங்கிக் குடுக்கிற தேப்பன் நல்ல தேப்பன்தான். ஆனால் கொஞ்சம் கணக்கும் தெரிஞ்ச தேப்பனாய் இரும். ஒழுங்காப் பார்த்தால் முயல் எட்டு வருசம், பத்து வருசம் இருக்கும். பன்னிரண்டைத் தொட்டதும் உண்டு. மகளுக்கு இப்ப ஏழு வயசு. முயல் கிழடாகேக்க அவ ஏ.எல். சோதினைக்குப் படிச்சுக்கொண்டிருப்பா. அப்ப புல்லுப் பிடுங்கிறது ஆர்? கூடு கழுவிறது ஆர்? நீரோ? உம்மட சாரத்தைக் கழுவவே உமக்கு நேரமில்லை. முயல் பிள்ளைக்கெண்டுதான் வீட்டுக்கு வரும், வந்து மூண்டாம் மாசம் தாயின்ர தலையில ஏறியிருக்கும். அதால பிள்ளைக்கு ஓமெண்டு சொல்ல முதல் மனிசியைக் கேளும். அவ ஓமெண்டால் மிச்சக் கதை கதைப்பம்.

ஓமெண்டிட்டாவோ? அப்ப சரி. முதல் புத்திமதி, காட்டு முயல்குட்டியை வாங்காதையும். காலபோக அறுவடைக்கு வெட்டுமெசின் வயலுக்குள்ள இறங்கேக்க, வரம்போரம் குட்டியள் அம்பிடும். பெடியள் சாக்குக்குள்ள போட்டுக்கொண்டு வந்து படலையில நிப்பாங்கள். அது வேற சாதி காணும். எங்கட காட்டு முயலுக்குப் பிடரியில கறுப்பு மயிர் இருக்கும். பிறக்கேக்கையே கண் முழிச்சு, உடம்பெல்லாம் மயிரோட பிறக்கும். குழி தோண்டாது, புல்லு மறைவில படுக்கும். கடையில விக்கிறது ஐரோப்பாவில குழி தோண்டிச் சீவிச்ச முயலின்ர வம்சம். அது கண் திறக்காமல், மயிரில்லாமல் பிறக்கும். ரண்டும் சோடி சேராது, குட்டியும் போடாது. காட்டுக்குட்டி பகலில தனியக் கிடந்தால் தாய் விட்டிட்டுப் போட்டுதெண்டு அர்த்தமில்லை, பொழுதுபட்ட பிறகு வந்து பால் குடுக்கும். நீர் இரக்கப்பட்டுத் தூக்கி வந்தால், அதுதான் அந்தக் குட்டிக்கு வந்த கேடு. எடுத்த இடத்திலயே வைச்சிட்டு வரச் சொல்லும்.

வீட்டு முயலுக்குள்ள இஞ்ச கூட அம்பிடுறது வெள்ளை மயிர், சிவந்த கண். "ஐயா, கண்நோயோ?" எண்டு கேளாதையும், அந்த இனத்துக்குக் கண்ணே அப்பிடித்தான். நியூசிலாந்து வெள்ளை எண்டு பேர், உருவாக்கினது அமெரிக்காவில. வளர்ந்தால் நாலைஞ்சு கிலோ நிக்கும். உம்மட மகள் மடியில வைச்சுக் கொஞ்ச நினைக்கிற பஞ்சுக்குட்டி ஆறு மாசத்தில அவவையே தள்ளி விழுத்தும்.

வாங்கேக்க விக்கிறவன்ர வாயைப் பாராதையும், முயலின்ர வாயைப் பாரும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நேராச் சந்திக்கவேணும். முயலின்ர பல்லு சாகும்வரைக்கும் வளரும், வருசத்துக்கு நாலைஞ்சு அங்குலம். கோணிப்போனால் தின்னேலாது. மூக்கு ஈரமாய் ஒழுகக் கூடாது. முன்காலின்ர உள்பக்க மயிர் ஒட்டுப்பட்டுக் கிடந்தால் சளி துடைச்ச அடையாளம். காதுக்குள்ள பொருக்கு இருந்தால் சொறிப்பூச்சி. பின்பக்கம் அழுக்காய் இருந்தால் வயித்தோட்டம். எட்டுக் கிழமைக்குக் குறைஞ்ச குட்டியைத் தாயிட்ட இருந்து பிரிச்சுத் தந்தால் வேண்டாமெண்டு திரும்பி வாரும். மகள் அழட்டும். அவவுக்கு அழுகிறது பழக்கம்தானே.

"ஒண்டு தனியப் பாவம், ரண்டாய் வாங்குவம்" எண்டு மனிசி சொல்லுவா. அதில நியாயம் இருக்கு, முயல் கூட்டமாய்ச் சீவிக்கிற சாதி. ஆனால் விக்கிறவன் "ரண்டும் பெட்டை அண்ணை" எண்டு அடிச்சுச் சத்தியம் பண்ணுவான். அவன் தான் பிடிச்ச முயலுக்கு மூண்டே கால் எண்டு நிண்டவன்ர பரம்பரை. குட்டியில ஆணோ பெண்ணோ எண்டு பிரிச்சறியிறது பழகின கண்ணுக்கே கயிட்டம். மூண்டு மாசம் முடிய முதல் மிருக வைத்தியரிட்டக் கொண்டுபோய்க் காட்டும். நாலு மாசத்தில சிலதுக்குப் பருவம் வந்திடும். சினை முப்பது, முப்பத்தொரு நாள். குட்டி போட்ட அண்டைக்கே திரும்பவும் சினைப்படும். ஒருதரத்துக்கு ஆறு, எட்டு. நீர் சித்திரை வருசப்பிறப்புக்குச் சோடி வாங்கினால், தைப்பொங்கலுக்கு உம்மட வளவில நீர்தான் வாடகைக்கு இருப்பீர்.

பகிடியெண்டு நினைக்கிறீரோ? உம்மட மச்சான் அவுஸ்திரேலியாவில தானே, கேட்டுப்பாரும். 1859 இல தோமஸ் ஒஸ்ரின் எண்டொரு துரை, விக்ரோரியாவில தன்ர காணிக்குள்ள வேட்டையாட ஆசைப்பட்டு இங்கிலாந்தில இருந்து இருபத்திநாலு முயல் இறக்கினார். ஐம்பது வருசத்துக்குள்ள கண்டத்தில முக்கால்வாசி முயலின்ர கையில. மேற்குப் பக்கத்தைக் காப்பாத்த 1901 இல தொடங்கி 1907 இல வேலி அடிச்சு முடிச்சினம். மூண்டு வேலியும் சேர்ந்து 3,200 கிலோமீற்றருக்கு மேல. எங்கட ஏ9 வீதியைப் பத்துத்தரம் நீட்டினால் வாற நீளம். வேலி அடிச்சு முடிய முதலே முயல் அங்கால போட்டுது. குயின்ஸ்லாந்தில இண்டைக்கும் வீட்டில முயல் வளர்க்கிறது குற்றம். மந்திரவித்தை காட்டுறவன் அனுமதி எடுத்து ஒண்டு வைச்சிருக்கலாமாம். உமக்கு அந்த வித்தையும் தெரியாது. அதால ஆணை ஒரு கூட்டிலயும் பெண்ணை வேற கூட்டிலயும் வையும், இல்லாட்டி முயலுக்குச் செய்து பழகின வைத்தியராய்ப் பார்த்து நலமடிப்பியும்.

கூடு கட்டிற கதைக்கு வருவம். காட்டு முயலை விழுத்தின அம்பைவிட ஆனைக்குக் குறி வைச்சுத் தவறின வேல்தான் மேல் எண்டு வள்ளுவர் 772 ஆம் குறளில சொல்லிப்போட்டார். மனிசன் முயலை வேட்டையில கண்டவர், வளர்த்துப் பாக்கேல்லை. ஆனைக்கு மின்சார வேலி போட்ட எங்கட ஆக்களே முயல் கூட்டில தோத்துப்போறாங்கள். மிஞ்சின தகரத்தைக் கூட்டுக்கு மேல போட்டு முத்தத்தில வைப்பியள். முயலுக்கு வேர்க்காது, சூட்டை வெளியில விட அதுக்கு முக்கியமாய் இருக்கிறது அந்தக் காது ரண்டும்தான். 30 பாகைக்கு மேல போனால் தவிக்கத் தொடங்கும். சோளகம் வீசிற காலத்தில எங்கட மத்தியானம் 35 ஐத் தொடும். தகரத்துக்குக் கீழ எவ்வளவெண்டு நீரே குந்தியிருந்து பாரும். கூட்டை வேப்பமர நிழலில, கிடுகுக் கூரைக்குக் கீழ வையும். சோடாப் போத்தலில தண்ணி நிரப்பி ஐசாக்கி, துணி சுத்தி உள்ளுக்கு வைச்சால் அதில சாய்ஞ்சு படுக்கும். கரண்ட் நிண்ட நாளில காதை ஈரக்கையால தடவிவிடும். குளிப்பாட்டக் கூடாது, பயத்திலயும் குளிரிலயும் செத்தது கனக்க.

கூடு நிலத்தில இருந்து இடுப்பளவு உயரம். கீரி, பாம்பு, மரநாய், தெருநாய் எல்லாம் உம்மட முயலைப் பற்றி மீன்காரனிட்டக் கேள்விப்பட்டிருக்கும். கூட்டின்ர கால் நாலையும் தண்ணி விட்ட தகரப் பேணிக்குள்ள வையும், இல்லாட்டிச் செவ்வெறும்பு ஒரே இரவில குட்டியளை முடிச்சிடும். அடியில முழுக்கக் கம்பிவலை போட்டால் பாதம் புண்ணாகும், பாதிக்குப் பலகை போட்டு வைக்கல் பரப்பும். உள்ளுக்கு மூண்டு பாய்ச்சல் பாயவும், காது முட்டாமல் எழும்பி நிக்கவும் இடம் வேணும். பின்னேரத்தில விறாந்தையில அவிட்டு விடும். விட முதல் உம்மட போன் சார்ஜர் வயரை எடுத்து வையும். அது வயரையும் வேரையும் ஒண்டாய்த்தான் பாக்கும்.

சாப்பாடு? "கரட்" எண்டு மகள் சொல்லுவா, கார்ட்டூன் பார்த்த அறிவு. கரட் நுவரெலியாவில இருந்து லொறியேறி வாற இனிப்புக் கிழங்கு. கிழமைக்கு ரண்டு துண்டு காணும். நூறுக்கு எண்பது பங்கு புல்லு வேணும். அறுகம்புல்லு கிடக்கு, இரணைமடு வாய்க்கால் கரையில வளருற புல்லுக் கிடக்கு, முருங்கையிலை கொஞ்சம் குடுக்கலாம். வரம்பில களைநாசினி அடிச்ச புல்லை மட்டும் தொடாதையும். வேலியில நிக்கிற அலரியும் தக்காளி இலையும் கிட்டவும் வரக்கூடாது. பாண், பிஸ்கட், சோறு வேண்டாம். கார்த்திகை மழைக்கு நனைஞ்ச புல்லு பூஞ்சணம் பிடிக்கும், அதால ஆவணி வெயிலில வெட்டிக் காயவைச்சுக் கட்டி வையும். இரவில தன்ர மெல்லிய பிழுக்கையைத் தானே குனிஞ்சு தின்னும். கண்டு கத்தாதையும். ஒருக்காச் செமிச்சதில இருந்து மிச்சச் சத்தை எடுக்கிற வழி அது. குட்டி போட்ட தாய் ஒரு நாளைக்கு ஒருக்கா, அஞ்சு நிமிசம் மட்டும் பால் குடுக்கும். அதைக் கண்டிட்டுக் குட்டியளைத் தூக்கிப் போத்தல்பால் பருக்காதையும்.

தூக்கிறதெண்டால், காதில பிடிச்சுத் தூக்கிற ஆளை நான் அவன்ர காதிலதான் பிடிச்சுத் தூக்குவன். ஒரு கை நெஞ்சுக்குக் கீழ, மற்றது பின்பக்கத்துக்குக் கீழ. உதறி விழுந்தால் அதின்ர முதுகெலும்பு தன்ர உதையிலயே முறியும். பிள்ளை நிலத்தில குந்தியிருந்து முயல் கிட்ட வரட்டும்.

இனித்தான் பெரிய விசயம். நாங்கள் இஞ்ச வளர்த்தது எல்லாம் கத்துற சீவன். மாட்டுக்குத் தண்ணி இல்லாட்டிக் கத்தும், ஆடு மழைக்குக் கத்தும், நாய் சும்மாவும் கத்தும். கத்தினால்தான் எங்களுக்கு எழும்பிப் போற பழக்கம். முயல் கத்தாது தம்பி. நோயைக் காட்டினால் நரி முதல் அதைத்தான் பிடிக்கும், அதால மறைச்சுக்கொண்டே இருந்து, இனி ஏலாதெண்ட நேரத்திலதான் சாயும். சத்தியெடுக்கவும் அதுக்கு ஏலாது. அரை நாள் தின்னாமல், பிழுக்கை போடாமல் இருந்தால் குடல் நிண்டுபோச்செண்டு அர்த்தம். விடியட்டும் எண்டிருந்தால் விடியேக்க இராது. காலமை கூட்டுக்குக் கீழ குனிஞ்சு பாரும், பிழுக்கை வழமைபோல உருண்டையாய்க் கிடக்கோ, சிறுத்துப் போச்சோ எண்டு. சிறுத்திருந்தால் உடன கால்நடை வைத்தியரிட்ட ஓடும், அவர் மாட்டோடயும் ஆட்டோடயும் நிப்பார், பொறுத்திரும். வீட்டில மிஞ்சிக் கிடக்கிற அமொக்சிசிலினைக் கரைச்சுப் பருக்காதையும், அது மனுசரைச் சுகப்படுத்தி முயலைக் கொல்லும். நாய்க்குத் தெள்ளுக்குப் போடுற மருந்தும் அப்பிடித்தான்.

"சரிவராட்டிக் கறி வைப்பம்" எண்டு உம்மட தம்பியார் சொன்னவராம். சொல்லும் அவருக்கு, 2017 இல வெனிசுவேலாவில சாப்பாட்டுத் தட்டுப்பாடு வரேக்க அரசாங்கம் சனத்துக்கு முயல்குட்டி குடுத்தது, வளர்த்துச் சாப்பிடச் சொல்லி. திரும்பிப் போய்ப் பார்த்தால் சனம் முயலுக்கு ரிபன் கட்டி, பேர் வைச்சு, பாயில கூடப் படுக்க வைச்சிருந்ததாம். முயல் செல்லப்பிராணியில்லை, இரண்டரைக் கிலோ இறைச்சி எண்டு மந்திரி தொலைக்காட்சியில வந்து விளங்கப்படுத்த வேண்டி வந்தது. உம்மட மகள் முயலுக்கு ஏற்கெனவே பேர் வைச்சிட்டாவாம். பேர் வைச்ச பிறகு உம்மட வீட்டுச் சட்டி அடுப்பில ஏறாது.

இப்ப ஒரு வேலை செய்யும். ஒரு மாசத்துக்கு முயல் வேண்டாம். எங்கட ஆட்டுக்கு மகள் காலமையும் பின்னேரமும் ஒரு கைப்பிடி புல்லுக் கொண்டுவந்து போடட்டும், கூப்பிடாமல், ஞாபகப்படுத்தாமல். முப்பது நாளும் தவறாமல் வந்தாவெண்டால் நானே கூட்டிக்கொண்டு போய் நல்ல குட்டி எடுத்துத் தாறன், கூடும் நானே அடிச்சுத் தாறன். இடையில நிண்டிட்டாவெண்டால் மனவருத்தப்படாமல் ரண்டு கோழி வாங்கி விடும். கோழி பசிச்சால் குசினிக்குள்ளயே வந்து கத்தும். உம்மட வீட்டுக்கு அதுதான் தோதான சீவன்.